ஹாட்-பி-32 பி கோளை அளக்கும் எக்ஸாட்டிக் மென்பொருள்: எதை நம்பலாம், எதைச் சரிபார்க்க வேண்டும்

ஆண்ட்ரோமெடா கூட்டத்தில் ஹாட்-பி-32 என்றொரு நட்சத்திரம் இருக்கிறது. பிரகாசம் 11.3 மேக்னிட்யூட் (இந்த எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல்), வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 2 நாள் 3 மணி 36 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று அதை நெருங்கிச் சுற்றிவரும் பூதக்கோள்தான் ஹாட்-பி-32 பி. அகலத்தில் வியாழனைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு, நிறையிலோ வியாழனைவிடக் குறைவு. அந்த அளவுக்கு உப்பிய கோள். நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே அது கடந்துபோகும்போது, சுமார் 3 மணி 6 நிமிடத்துக்கு அந்த நட்சத்திரத்தின் ஒளி 2.2 சதவீதம் மங்குகிறது.

இந்த மங்கலை 15 செ.மீ. தொலைநோக்கி எடுத்த படங்களிலிருந்து கணக்கிட்டு, கோளின் அளவையும் கடப்பின் நடுநேரத்தையும் தரும் இலவச மென்பொருள் எக்ஸாட்டிக். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்திலிருந்து தொடங்கிய எக்ஸோபிளானட் வாட்ச் என்ற, புறக்கோள்களை (வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை) அளக்கும் பொதுமக்கள் அறிவியல் திட்டத்துக்காகப் பைத்தானில் எழுதப்பட்டது. மூலநிரல் முழுதும் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடினமான கணக்குகளை எக்ஸாட்டிக் மிக நன்றாகச் செய்கிறது. ஆனால் மூன்று விஷயங்களை நம் கையில் விட்டுவிடுகிறது: எந்த நட்சத்திரத்தோடு ஒப்பிடுவது, கடப்புக்கு முன்னும் பின்னும் எவ்வளவு நேரம் படம் எடுப்பது, படத்தில் பதிந்த நேரம் சரிதானா என்பது. இவற்றில் ஒன்று பிசகினாலும் பார்வைக்கு நேர்த்தியான வரைபடம் வந்துவிடும். அதிலுள்ள எண்தான் தவறாக இருக்கும். இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

நாசா ஏன் இதை மக்களிடம் கேட்கிறது? ஒரு கோளின் சுற்றுக்காலத்தில் ஒரே ஒரு விநாடி ஐயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாட்-பி-32 பி ஓர் ஆண்டில் சுமார் 170 முறை சுற்றுகிறது. பத்து ஆண்டில் 1,700 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விநாடி சேர்ந்தால் 1,700 விநாடி, அதாவது 28 நிமிடம் தள்ளிப்போகும். ஹப்பிள், ஜேம்ஸ் வெப் போன்ற விண்வெளித் தொலைநோக்கிகளின் நேரம் விலைமதிப்பற்றது. கடப்பு தொடங்கிய பிறகு திரும்பினால் அளவீடே வீண். அதற்குப் பயந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே காத்திருந்தால் அந்த நேரம் வீண். சிறு தொலைநோக்கிகள் ஆண்டுக்குச் சில கடப்புகளைப் பிடித்தாலே இந்த ஐயம் மறுபடி சுருங்கிவிடும். கோளின் விட்டத்தைப் பெரிய தொலைநோக்கிகள் நம்மைவிடத் துல்லியமாக அளந்துவிட்டன. அவர்களுக்கு நம்மிடமிருந்து வேண்டியது கடப்பின் நடுநேரம்.

மென்பொருளைப் பழக மாதிரித் தொகுப்பு ஒன்று தருகிறார்கள். 2017 டிசம்பரில் ஒரே இரவில், ஃபிட்ஸ் என்ற வானியல் படக்கோப்பு வடிவத்தில் எடுத்த 142 படங்கள். எடுத்தது ஹார்வர்ட்-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையம் நடத்தும் மைக்ரோஅப்சர்வேட்டரி என்ற தானியங்கித் தொலைநோக்கி வலையமைப்பு; அரிசோனாவின் விப்பிள் ஆய்வகத்தில் நிற்கும் 6 அங்குலக் கருவி. சுமார் 3 நிமிடத்துக்கு ஒரு படம், ஒவ்வொன்றும் 60 விநாடி. மொத்தம் ஏழு மணி நேரம் வருவதால், 3 மணி நேரக் கடப்புக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய இரண்டிரண்டு மணி நேரம் கிடைக்கிறது. இதைவிட நல்ல பயிற்சித் தொகுப்பைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. இந்தக் கோளைக் கண்டுபிடித்து 2011-இல் அறிவித்த ஹாட்நெட் திட்டத்தின் 11 செ.மீ. லென்ஸ்களில் சிலவும் இதே விப்பிள் ஆய்வகத்தில்தான் இருந்தன.

ஓட்டிப் பார்க்க இரண்டு வழிகள். கூகுள் கோலாபில் ஆயத்த நோட்புக் இருக்கிறது. உலாவியும் கூகுள் கணக்கும் போதும். அல்லது உங்கள் கணினியில் பைத்தான் சூழலில் நிறுவிக்கொள்ளலாம். முதல்முறை என்றால் கோலாபே நல்லது. படங்களைக் கூகுள் டிரைவில் தனிக் கோப்புறையில் போடுங்கள். அதில் வேறு இரவின் படமோ, வேறு நட்சத்திரத்தின் படமோ கலந்திருக்கக் கூடாது. நோட்புக்கின் கட்டங்களை மேலிருந்து கீழாக, ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று ஓட்டுங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் பின்னால் வரும் பிழைச்செய்தி வேறெதையோ சொல்லிக் குழப்பும். கோலாப் இணைப்பு நெடுநேரம் சும்மா இருந்தால் அறுந்துவிடும், தற்காலிகக் கோப்புகளும் அதோடு போய்விடும். முடிவுக் கோப்புகள் டிரைவில்தான் சேமிக்கப்படுகின்றனவா என்று தொடங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுவதற்கு முன் 142 படங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பது கட்டாயம். மேகம் மூடிய படம், நட்சத்திரங்கள் கோடாக இழுபட்ட படம், செயற்கைக்கோள் கீற்று இலக்கின் மேலேயே விழுந்த படம் ஆகியவற்றை நீக்குங்கள். ஒளி குறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு படத்தை நீக்கக் கூடாது. நாம் தேடுவதே ஒளிக் குறைவைத்தான். நீக்குவதற்கான காரணம் படத்தைப் பார்த்ததுமே தெரியவேண்டும், வரைபடத்தைப் பார்த்த பிறகு தோன்றக் கூடாது.

உள்ளீடுகள் எல்லாம் இனிட்ஸ் என்ற, ஜேசன் வடிவ உரைக்கோப்பில் போகின்றன. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் அடைப்பு மூடாமல் இருந்தாலும் ஓட்டம் நின்றுவிடும். தொலைநோக்கி இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைக்கு முன்னால் கூட்டல் அல்லது கழித்தல் குறி இருக்கவேண்டும். அரிசோனாவின் தீர்க்கரேகை மேற்கு என்பதால் கழித்தல். தமிழ்நாடும் இலங்கையும் கிழக்கு என்பதால் கூட்டல். இலக்கின் பிக்சல் இடத்தை முதலில் எக்ஸ், பிறகு ஒய் என்ற வரிசையில் தரவேண்டும். கோளின் சுற்றுக்காலம், நட்சத்திரத்தின் வெப்பநிலை முதலியவற்றை நாசாவின் எக்ஸோபிளானட் ஆர்க்கைவ் தரவுத்தளத்திலிருந்து மென்பொருளே எடுத்துக்கொள்ளும். கையால் தட்டச்சு செய்யாதீர்கள்.

படத்தில் இலக்கு எது என்று கண்டுபிடிக்க, ஏஏவிஎஸ்ஓ (அமெரிக்க மாறொளி நட்சத்திரப் பார்வையாளர் சங்கம்) தளத்தில் அந்த நட்சத்திரத்துக்கான வரைபடம் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கியின் படம் தலைகீழாகவோ கண்ணாடிப் பிம்பமாகவோ இருக்கலாம். தனி நட்சத்திரத்தைத் தேடாமல், சுற்றியுள்ள நாலைந்து நட்சத்திரங்களின் வடிவத்தைத் தேடினால் சீக்கிரம் பிடிபடும். எக்ஸாட்டிக் முதல் படத்தை வான வரைபடத்தோடு பொருத்தி உங்கள் பிக்சல் சரியா என்று ஒப்பிட்டுச் சொல்லும். அந்த எச்சரிக்கை வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

பிறகு மென்பொருள் செய்யும் வேலை உண்மையிலேயே பாராட்டத்தக்கது. படங்களை ஒன்றோடொன்று சீரமைக்கிறது. இலக்கைச் சுற்றி வட்டம் போட்டு ஒளியைக் கூட்டுகிறது. அதற்கு வெளியே ஒரு வளையம் போட்டு வானப் பின்னணியைக் கழிக்கிறது. இந்த வட்டமும் வளையமும் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதைத் தானே பல அளவுகளில் முயன்று பார்க்கிறது. வட்டம் சிறிதானால் காற்றுக் கலக்கத்தில் நட்சத்திரம் வீங்கும்போது ஒளி வெளியே வழிந்துவிடும். பெரிதானால் பின்னணி இரைச்சல் சேரும். எல்லா அளவுகளிலும், நீங்கள் தந்த எல்லா ஒப்பீட்டு நட்சத்திரங்களோடும் முயன்று, சிதறல், அதாவது வரைபடத்தின் புள்ளிகள் பொருத்திய கோட்டிலிருந்து விலகும் அளவு, எதில் குறைவோ அதை எடுத்துக்கொள்கிறது. கடைசியில் கடப்பின் கணித வடிவத்தையும், நட்சத்திரம் அடிவானத்தை நோக்கி இறங்கும்போது காற்றுப்படலம் தடிப்பதால் வரும் ஏர்மாஸ் மாற்றத்தையும் ஒரே நேரத்தில் பொருத்துகிறது. கையால் செய்தால் ஒரு நாள் வேலை. கோலாபில் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

முடிவில் வரும் எண்களில் முதலில் பார்க்கவேண்டியது சிதறல் சதவீதம். ஒளியின் இயல்பிலேயே ஓர் எல்லை உண்டு: 10,000 போட்டான் சேர்ந்தால் 1 சதவீத இரைச்சல், ஒரு லட்சம் சேர்ந்தால் 0.3 சதவீதம். 6 அங்குலக் கருவியில் இந்த நட்சத்திரத்துக்கு நடைமுறையில் அரை சதவீதத்தை ஒட்டி வந்தால் நல்ல தரவு. சரிவு 2.2 சதவீதம், சிதறல் 0.5 சதவீதம், கண்ணுக்கே தெரியும். சிதறல் 1.5 சதவீதத்தைத் தாண்டினால் மென்பொருள் தரும் மற்ற எண்களைப் பார்ப்பதற்கு முன் படங்களுக்குத் திரும்பிப் போங்கள்.

அடுத்தது கோளுக்கும் நட்சத்திரத்துக்குமான ஆர விகிதம். மாதிரித் தொகுப்பில் 0.15-ஐ ஒட்டி வரும். அதை வர்க்கம் செய்தால் 0.0225, அதாவது 2.25 சதவீதச் சரிவு. நட்சத்திரத்தின் ஆரம் சூரியனைப் போல 1.22 மடங்கு, சூரியனின் ஆரம் வியாழனைப் போல 9.73 மடங்கு. 0.15, 1.22, 9.73 மூன்றையும் பெருக்கினால் 1.78. வியாழனைப் போல 1.78 மடங்கு ஆரமுள்ள கோள் உங்கள் திரையில் வந்துவிட்டது. இந்தப் பெருக்கலை மென்பொருளிடம் விடாமல் ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள். மூன்றாவது, நடுநேரமும் அதன் பிழையும். பிழை 0.001 நாள் என்றால் சுமார் 1.4 நிமிடம். இந்த அளவு கருவிக்கு அது மதிப்புள்ள முடிவு.

இனி நம் கையில் இருக்கும் மூன்று விஷயங்கள். அதிகம் கெடுப்பது ஒப்பீட்டு நட்சத்திரம். மெல்லிய மேகம் வந்தால் படத்திலுள்ள எல்லா நட்சத்திரங்களும் சேர்ந்தே மங்கும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மேகம் கழிந்து கோள் மட்டும் மிஞ்சும். இந்தக் கணக்கு பலிக்க ஒப்பீட்டு நட்சத்திரம் இலக்கோடு பிரகாசத்தில் ஒரு மேக்னிட்யூடுக்குள் இருக்கவேண்டும். மிகவும் மங்கலானதை எடுத்தால் அதன் இரைச்சல் முழுதும் உங்கள் முடிவில் ஏறும். மிகவும் பிரகாசமானதை எடுத்தால் கேமராவில் நிரம்பி வழிந்து, ஒளி கூடினாலும் எண் கூடாமல் நின்றுவிடும். நிறமும் முக்கியம். நீல நட்சத்திரத்தின் ஒளியைக் காற்று அதிகம் சிதறடிக்கும், சிவப்பு நட்சத்திரத்தின் ஒளியைக் குறைவாக. இரண்டையும் ஒப்பிட்டால், நட்சத்திரங்கள் மேற்கே சாயச் சாய வரைபடம் தானாகவே வளையும். ஏர்மாஸ் திருத்தம் அதில் ஒரு பகுதியைத்தான் சரிசெய்யும். படத்தின் ஓரத்திலிருப்பவை, பக்கத்தில் இன்னொரு நட்சத்திரம் ஒட்டியிருப்பவை வேண்டாம். மாறொளி நட்சத்திரமா என்று மென்பொருளே பட்டியலில் தேடும், ஆனால் பட்டியலில் ஏறாத மாறொளி நட்சத்திரங்களும் உண்டு. ஆகவே ஒன்றோடு நிற்காமல் மூன்று நான்கு கொடுங்கள். ஒவ்வொன்றையும் தனியாகக் கொடுத்தும் ஓட்டிப் பாருங்கள். நடுநேரம் எல்லாவற்றிலும் பிழை எல்லைக்குள் ஒத்துப்போனால்தான் அந்த முடிவை நம்பவேண்டும்.

ஹாட்-பி-32-க்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வெறும் 2.9 விகலை (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) தள்ளி ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரம் நிற்கிறது. மைக்ரோஅப்சர்வேட்டரியில் ஒரு பிக்சலே சுமார் 5.2 விகலை என்பதால் இரண்டும் ஒன்றாகவே பதியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அந்தக் குள்ளன் மிகவும் மங்கல் என்பதால் சரிவின் ஆழம் கொஞ்சம்தான் குறையும். அகச்சிவப்பில் இதைப் புறக்கணிக்க முடியாது. நடுநேரத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

இரண்டாவது விஷயம், கடப்புக்கு முன்பின் நேரம். இரு பக்கமும் குறைந்தது 45 நிமிடமாவது வரைபடம் சமதளமாக இருக்கவேண்டும். ஒரு மணி நேரம் என்றால் நிம்மதி. கடப்பு முடியும் முன்பே விடிந்துவிட்டால், சரிவைக் கோளின் கணக்கில் எழுதுவதா காற்றின் கணக்கில் எழுதுவதா என்று மென்பொருளுக்குத் தெரியாது. அது ஏதோ ஒரு பதிலைத் தரத்தான் செய்யும், பிழை அளவும் சிறிதாகவே தோன்றலாம். பாதிக் கடப்பில் வந்த ஆர விகிதத்தை நாங்கள் ஒருபோதும் ஏற்பதில்லை.

நேரம் மூன்றாவது. ஃபிட்ஸ் தலைப்பில் உலக நேரம் இருக்கவேண்டும். கணினியின் இந்திய நேரம் அப்படியே பதிந்திருந்தால் 5 மணி 30 நிமிடம் தவறு. அது உடனே தெரிந்துவிடும். ஆபத்தானவை சிறிய தவறுகள். கேமரா பதிவது படம் தொடங்கிய நேரமா, நடு நேரமா? 60 விநாடிப் படத்தில் அந்தக் குழப்பம் மட்டுமே 30 விநாடி. கணினிக் கடிகாரம் இணைய நேரத்தோடு அன்றே ஒத்திசைக்கப்பட்டதா? எக்ஸாட்டிக் இந்த நேரத்தைச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றுகிறது. பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரத்தை நெருங்கியும் விலகியும் போவதால் ஒளி வந்து சேரும் நேரம் 8 நிமிடம் வரை முன்பின் ஆகும், அதைக் கழிக்கத்தான் இந்த மாற்றம். அதோடு உலக நேரத்துக்கும் வானியல் சீர்நேரத்துக்கும் உள்ள 69 விநாடி வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்கிறது. நீங்கள் ஏற்கெனவே மாற்றிய நேரத்தைத் தந்து, அது மறுபடி மாற்றினால் முடிவு கெடும். மூல நேரத்தை அப்படியே விடுங்கள்.

சொந்தத் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். டார்க் (மூடிவைத்து எடுத்தவை), ஃபிளாட் (சீரான ஒளியில் எடுத்தவை) ஆகிய திருத்தப் படங்கள் இல்லாமல் மாதிரித் தொகுப்பு ஓடிவிடுகிறது என்பதற்காக நீங்களும் விட்டுவிடாதீர்கள். ஐந்து மணி நேரத்தில் நட்சத்திரம் சென்சாரில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு தூசி நிழலின் மேல் ஏறி இறங்கினாலே 2 சதவீதச் சரிவு வரும், அது கோள் போலவே இருக்கும். 16 பிட் கேமராவில் நட்சத்திரத்தின் உச்ச எண் 50,000-ஐத் தாண்டாமல் பாருங்கள். கலர் கேமரா என்றால் படத்தை அப்படியே கொடுக்கக் கூடாது. சிவப்பு, பச்சை, நீலப் பிக்சல்கள் மாறி மாறி இருப்பதால் நட்சத்திரம் நகரும்போது ஒளி ஏறி இறங்கும். சிரில் மென்பொருளில் பச்சையை மட்டும் தனியே பிரித்தெடுத்துவிட்டு, ஃபில்டர் பெயரில் ஏஏவிஎஸ்ஓ-வின் டிஜி குறியீட்டைத் தரவேண்டும். ஃபில்டரே இல்லாத கறுப்பு வெள்ளைக் கேமராவுக்குச் சிவி.

தமிழ்நாட்டிலிருந்து ஹாட்-பி-32-ஐ எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு தடை இருக்கிறது. அது நள்ளிரவில் உச்சிக்கு வருவது அக்டோபர் இறுதியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். உச்சியில்கூட 55 பாகைக்கு மேல் அதிகம் ஏறாது. மாதிரித் தொகுப்பில் பழகிவிட்டு, சொந்தக் கருவியில் வாஸ்ப்-43 பி கோளுக்குப் போங்கள். செக்ஸ்டன்ஸ் கூட்டத்தில், வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 10 பாகையில் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதத் தெளிந்த வானில் நன்கு உயரே வரும். சரிவு 2.5 சதவீதம், கடப்பு 1 மணி 12 நிமிடம்தான், சுற்றுக்காலம் 19 மணி 31 நிமிடம். இரு பக்க நேரத்தையும் சேர்த்து மூன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். நட்சத்திரம் 12.4 மேக்னிட்யூட் என்பதால் 15 செ.மீ. கருவியாவது வேண்டும்; 5 செ.மீ. ஸ்மார்ட் தொலைநோக்கி ஒன்பதில் ஒரு பங்கு ஒளியைத்தான் சேர்க்கும். எந்த இரவில் கடப்பு என்பதை ஸ்வார்த்மோர் கல்லூரியின் டிரான்ஸிட் ஃபைண்டர் பக்கத்தில் உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை தந்து பார்க்கலாம்.

ஹெச்டி 189733 பி பிரகாசமானது, அதையே முதலில் எடுக்கலாமே என்று பலரும் நினைப்பார்கள். 7.7 மேக்னிட்யூடில், அதே பிரகாசமுள்ள ஒப்பீட்டு நட்சத்திரம் சிறிய படப்பரப்பில் கிடைப்பது அரிது. தொடக்கக்காரர்களுக்கு 11-ஐ ஒட்டிய நட்சத்திரமே எளிது.

வேறு மென்பொருள்களோடு ஒப்பிட்டால், ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே-யில் ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்து மாற்றலாம். டெஸ் விண்கலத்தின் கோள்களை உறுதிசெய்யும் குழுக்களில் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அதன் பொத்தான்களின் எண்ணிக்கை புதியவரைத் திணறடிக்கும். ஏரியல் விண்கலத்துக்காக நடக்கும் எக்ஸோகிளாக் திட்டத்தின் ஹாப்ஸ் மென்பொருளில் படம் சுத்தம் செய்வது முதல் முடிவு வரை ஒரே ஜன்னல் வரிசையில் போகிறது. ஜேசன் கோப்போடு மல்லுக்கட்டத் தேவையில்லை. சொந்தக் கருவியும் விண்டோஸ் கணினியும் இருந்தால் ஹாப்ஸ் வசதியானது. கருவியே இல்லாதவருக்கு எக்ஸாட்டிக்குக்கு ஈடில்லை: உண்மையான படங்கள், உலாவியில் ஓடும் கணக்கு, காசு எதுவும் இல்லை.

குறை என்று சொன்னால் இரண்டு. பிழைச்செய்திகள் பைத்தான் தெரியாதவருக்குப் புரியாது. முடிவு மோசமாக இருந்தாலும் வரைபடம் உறுதியான தோற்றத்தோடு வருகிறது. சிதறல் அதிகமானால் படத்தின் மேலேயே எச்சரிக்கை வரவேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

முடிவுக் கோப்புகளில் ஏஏவிஎஸ்ஓ வடிவத்திலுள்ள உரைக்கோப்பைத்தான் அவர்களின் புறக்கோள் தரவுத்தளத்தில் ஏற்றவேண்டும். அதற்கு முன் ஏஏவிஎஸ்ஓ-வில் பார்வையாளர் குறியீடு வாங்கிக்கொள்ளுங்கள்; இனிட்ஸ் கோப்பில் அந்தக் குறியீடு இல்லாவிட்டால் பின்னர் கையால் திருத்தவேண்டி வரும். ஏற்றிய அளவீட்டை ஆய்வுக்கட்டுரையில் பயன்படுத்தினால் அளந்தவரின் பெயரும் ஆசிரியர் பட்டியலில் சேரும் என்பது திட்டத்தின் கொள்கை. ஹாட்-பி-32 பி-யைப் பொறுத்தவரை இந்த அளவீடுகளுக்கு நல்ல தேவை இருக்கிறது. ஹப்பிள் அதன் காற்றுமண்டலத்தில் நீராவியைக் கண்டது. 2023-இல் டெக்சாஸின் ஹாபி-எபர்லி தொலைநோக்கி, கோளின் ஆரத்தைப் போல 50 மடங்குக்கும் மேல் நீளும் ஹீலியம் வால்கள் அதன் முன்னும் பின்னும் இருப்பதைக் கண்டது. அந்த வால்களை மறுபடி அளக்க வரும் எந்தத் தொலைநோக்கிக்கும் முதலில் தேவைப்படுவது கடப்பின் சரியான நேரம்.